காற்று வந்த வெள்ளி இரவு

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால், சோழமண்டலக் கரையில் பிறந்தவர் எச்சீமையில் வாழ்ந்தாலும் அவருடைய ஒரு செவி வானிலைச் செய்தியின் பக்கமே சாய்ந்திருக்கும். பிழைப்பை நாடி நாம் ஊரை விட்டு வெளியேறி முப்பது ஆண்டுகளாகின்றன. ஆயினும் மழையளவுப் பட்டியல் வாசிக்கப்படும்போது ‘அதிராம்பட்டினம்’ என்ற பெயர் வருமா என்று காத்திருப்பதும், வந்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று மனத்தில் குறித்துக்கொள்வதும் இன்றளவும் நம்மை விட்டு நீங்காத பழக்கம். அருகிலிருந்து கேட்பவர்க்கு அது பட்டியலில் வரும் ஓர் ஊர்ப்பெயர். நமக்கோ அது ஒரு முற்றம்; ஒரு கிணறு; வலது காலைச் சற்றே இழுத்து நடக்கும் ஒரு மூதாட்டி.

அம்மூதாட்டி நம்மைப் பெற்றவர்கள். இன்று அவர்கள் இவ்வுலகில் இல்லை. அல்லாஹ் அவர்களின் மண்ணறையை விசாலமாக்குவானாக. அவர்கள் இருந்தவரை எழுதத் துணியாத ஒன்றை இப்போது எழுதுகிறோம். வாசக நேயர்கள் இதனைப் புயலின் கதையாகக் கொள்ளலாம். உண்மையில் இது ஒரு தொலைபேசிப் பேச்சின் கதை.

2018 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். வாணியம்பாடிக்கு அருகே ஒரு மதரஸாவில் ஹதீஸும் அரபி இலக்கணமும் கற்பித்து வந்தோம். மனைவி மக்களும் உடனிருந்தனர். வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் 11 ஆம் தேதி புயலாக வலுத்து, ‘கஜா’ என்று பெயர் பெற்றது. கரையோர நாடுகள் முன்கூட்டியே கொடுத்து வைத்த பெயர்களை வரிசைப்படி சூட்டும் வழக்கம் நம் பக்கத்துக் கடல்களில் 2004 முதல் இருந்து வருகிறது. இப்பெயர் இலங்கை தந்தது, பொருள் யானை. ரபீயுல் அவ்வல் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. இரவுதோறும் சுப்ஹான மவ்லிது ஓதிக்கொண்டிருந்தோம். நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்தது யானை ஆண்டு என்பதையும், மாதம் அதே மாதம் என்பதையும் வைத்து மாணவர் சிலர் ஆளுக்கொரு விளக்கம் சொல்லத் தொடங்கினர். “பெயர் வைத்தவர்கள் பட்டியலைப் பார்த்து வைத்தார்கள், நீங்கள் பாடத்தைப் பாருங்கள்” என்று அடக்கினோம். பிறருடைய அச்சத்தை இப்படி ஒரு வார்த்தையில் அடக்கிவிட முடிவது ஆசிரியத் தொழிலின் சுகங்களில் ஒன்று. அதுவே அதன் கேடும் ஆகும் என்பது பிறகு தெரிந்தது.

புயல் முதலில் சென்னைக்கும் நாகைக்கும் இடையே கரையேறும் என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். நாளொன்றுக்குச் சிறிதாக அது தெற்கே இறங்கிக்கொண்டே வந்தது. மதரஸாவின் சுவரில் தொங்கிய தேசப்படத்தில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, விரலை வைத்து அளந்து கொண்டோம்.

நம் ஊர் வழக்கத்தை அறியாதவர்க்காக ஒன்று சொல்ல வேண்டும். அதிராம்பட்டினத்தில் வீடு பெண்மக்களுக்கு உரியது. மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவாரேயன்றிப் பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆகவே நம் தாயார் தம் தாயாரிடமிருந்து பெற்ற வீட்டில், நம் தங்கையுடன் வாழ்ந்து வந்தார்கள். தங்கையின் கணவர் சவூதி அரேபியாவில் தம்மாமில் இருந்தார். வீட்டில் ஆண் துணை என்று சொல்ல, தங்கையின் பதினோரு வயது மகன் ஒருவனே. அது மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. சுவர்கள் ஒரு முழம் அகலம். ஆனால் மேலே சட்டங்கள் கறையான் கண்டவை. கொல்லையில் தெற்கோரமாக நம் பாட்டனார் நட்ட தென்னை ஒன்று, தன் வயதுக்கு மிஞ்சிய உயரத்தில், வீட்டைக் குனிந்து பார்ப்பது போல் நின்றது.

கீழண்டை வீடு காங்கிரீட் போட்ட மாடி வீடு. அதில் வாழ்பவர் நம் மாமன் மகன். தாயார்க்கு உடன்பிறந்த அண்ணன் மகன். மனைவி வழியில் அவ்வீட்டுக்கு வந்தவர். இரு வீட்டுக்கும் இடையில் ஒன்றரை அடிச் சந்து. அந்தச் சந்து எவருக்குரியது என்று 2007 ஆம் ஆண்டு எழுந்த வாய்ப்பேச்சு, சர்வேயர் வந்து, ஜமாஅத்தில் பேசி, எதிலும் தீராமல் ஒரு மதிற்சுவராக முடிந்தது. அன்று முதல் நாமிருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டதில்லை. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருத்தல் ஆகாது என்ற நபிமொழியை அப்பதினோராண்டிலும் ஆண்டுக்கொரு முறை பாடம் நடத்தியிருக்கிறோம். சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணக் கூறு சொல்லி நடத்தியிருக்கிறோம். தாயார் மட்டும் அந்தச் சுவரை ஒப்புக்கொண்டதே இல்லை. நோன்பு காலத்தில் கஞ்சிச் சட்டி அதன் மேலாகவே போகும். போன சட்டி வெறுமையாகத் திரும்பாது.

15 ஆம் தேதி, வியாழக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது தங்கையின் அழைப்பு வந்தது.

“காக்கா, பள்ளிக்கூடத்துல முகாம் வச்சிருக்காங்க. அவ்வளவு தூரம் உம்மாவால முடியாது. பக்கத்து வீட்டு லாத்தா ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுட்டாங்க. அங்கே போகட்டுமா?”

“எங்கும் போக வேண்டாம்” என்றோம். “போன மாதமும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள். கதவைத் தாழிட்டு யாஸீன் ஓதிக்கொண்டு இருங்கள். அல்லாஹ் மீது தவக்குல் இருக்கட்டும்.”

போன மாதம் பயமுறுத்தியது உண்மைதான். அக்டோபர் 7 ஆம் நாளுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். அஞ்சிய அளவு மழை வரவில்லை. கடைத்தெருவெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் நாம் அதை நினைத்துச் சொன்னோமா? நம் தாயார் அந்த மாமன் மகனுடைய கூடத்தில் ஓர் ஓரமாக விருந்தாளி போல் உட்கார்ந்திருக்கும் காட்சியே நம் கண்முன் நின்றது. நாளை தெருவில் நாலு பேர் அதைப் பேசுவார்கள். ‘கடைசியில் எங்கே வந்தார்கள் பார்த்தாயா’ என்பார்கள். அந்த ஒரு பேச்சைத் தடுப்பதற்காக நாம் எடுத்து வீசிய சொல் தவக்குல்.

தங்கை சற்று நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, “சரி காக்கா” என்றாள். அந்த மௌனத்தின் நீளம் இன்னும் நம் செவியில் இருக்கிறது.

மஃரிபுக்குப் பின் தம்மாமிலிருந்து அவள் கணவர் அழைத்தார். கடலுக்கு அப்பால் இருப்பவர். கைப்பேசியில் விண்கோள் படத்தைப் பார்த்துப் பார்த்து, புயல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார். “மச்சான், மாடி வீட்டுக்கு அனுப்பிட்டீங்கல்ல?” என்றார். “தக்க ஏற்பாடு செய்தாயிற்று” என்றோம். கேட்பவர் ஒன்றை விளங்கிக்கொள்ளச் சொல்பவர் வேறொன்றைக் கருதுவதை அரபி அணிநூலார் ‘தவ்ரியா’ என்பர். அதைக் கவிதைக்குரிய அழகு என்று கற்பித்து வந்தோம். தூரத்தில் இருந்து மனைவி மக்களுக்காகத் தவிக்கும் ஒரு மனிதரிடம் அதனைக் கையாண்டோம். அவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லிப் பேச்சை முடித்தார்.

இரவு பதினொன்றரைக்கு மீண்டும் ஊரிலிருந்து பேச முடிந்தது. மின்சாரம் எப்போதோ போய்விட்டது என்றாள் தங்கை. ஓடுகள் சடசடக்கின்றன என்றாள். பிறகு தாயார் வாங்கிப் பேசினார்கள். “நீ தூங்கு வாப்பா. இங்கே ஒண்ணுமில்லே. கடல் சத்தம் மட்டும் கேக்குது.”

நம் வீட்டிலிருந்து கடல் சத்தம் கேட்பதில்லை. உப்பளங்களும் உப்பங்கழியும் தாண்டி, சேறும் அலையாத்திப் புதரும் தாண்டிக் கிடக்கும் கடல் அது. அலையே இல்லாத கடல் என்று வெளியூர்க்காரர் கேலி செய்வார்கள். அது வீட்டுக்குள் கேட்கிறது என்று தாயார் சொன்னது, நம்மைத் தூங்கச் சொல்வதற்காகச் சொன்னது. பன்னிரண்டே முக்காலுக்குப் பிறகு எந்த எண்ணும் கிடைக்கவில்லை.

வாணியம்பாடியில் அன்றிரவு ஓர் இலைகூட அசையவில்லை. அரைப் பிறை நடு இரவில் மேற்கே சாய்ந்தது. மதரஸாவின் முற்றத்தில் நடந்தோம்; உள்ளே சென்றோம்; எண்ணை ஒற்றிப் பார்த்தோம்; மீண்டும் வெளியே வந்தோம். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ வாசலைக் கடக்கும்போதுதான் அந்த ஹதீஸ் நினைவுக்கு வந்தது. மேகம் திரண்டு காற்று எழுந்தால் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் நிறம் மாறும் என்றும், வீட்டுக்குள் செல்வதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள் என்றும், மழை இறங்கிய பிறகே அமைதி கொள்வார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். மேகத்தைக் கண்டு மழை என்று மகிழ்ந்த ஆது கூட்டத்தார்க்கு அதுவே அழிவானதை நினைத்து அவ்வாறு அஞ்சுவதாக அப்பெருமானார் காரணமும் சொன்னார்கள். உள்ளே செல்வதும் வெளியே வருவதும்: இருபதாண்டுகளுக்கு மேலாக அதற்கு வினைச்சொற்களின் வாய்பாடு சொல்லி வந்திருக்கிறோம். அது கால்கள் செய்கின்ற ஒன்று என்பது அன்றுதான் விளங்கிற்று. அவர்களைவிடத் தவக்குல் உடையவர் யார்? அவர்கள் நிலைகொள்ளாமல் நடந்தார்கள். நாமோ வாணியம்பாடியில் இருந்துகொண்டு, கடலோரத்தில் உள்ள ஒரு முதியவரைக் கதவைத் தாழிடச் சொன்னோம்.

தனியே வந்த நினைவல்ல அது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. ஷாம் தேசத்தை நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் ‘ஸர்ஃ’ என்ற இடத்தில் கேள்வியுற்றுத் திரும்ப முடிவு செய்த வரலாறு. அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அவன் விதியிலிருந்து அவன் விதியை நோக்கியே ஓடுகிறோம் என்ற கருத்தில் விடையிறுத்தார்கள். ஒரு பக்கம் பசுமையும் ஒரு பக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எப்பக்கம் மேய்த்தாலும் அது விதியின்படிதானே என்று உவமையும் காட்டினார்கள். இந்த இடத்தை நடத்தும்போது நம் குரல் சற்று உயர்வது உண்டு. மாணவர்கள் அதை எதிர்பார்த்து நிமிர்ந்து உட்காருவார்கள். மாடி வீடும் விதிதான், ஓட்டு வீடும் விதிதான் என்று அஸருக்குப் பின் நம் தங்கையிடம் சொல்ல அந்தக் குரல் எங்கே போயிற்று?

தந்தையார் நினைவும் அவ்விரவில் வந்தது. 1977 ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று நாகைப் பக்கமாகக் கரையேறிய புயலின்போது நமக்கு ஏழு வயது. தந்தையார் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார்கள். சில நூறு பேர் மாண்ட புயல் அது. செய்தியை அங்கே வானொலியில் கேட்டிருக்கிறார்கள். தந்திக் கம்பங்கள் விழுந்து கிடந்தன. அவர்களுடைய கடிதம் எத்தனையோ நாட்கள் கழித்து வந்தது. தாயார் தமிழ் எழுத்து அறியாதவர்கள். அரபுத் தமிழ் வாசிப்பார்கள். ஆகவே தந்தையார் எழுதுவதெல்லாம் அரபுத் தமிழில்தான். அக்கடிதத்தைப் பின்னாளில் நாமும் வாசித்திருக்கிறோம். கூரை எப்படி, கிணற்றில் உப்புநீர் ஏறிற்றா, ஆடுகள் பிழைத்தனவா என்று கேள்விகளாகவே ஓடும் கடிதம். ‘காற்றுச் செய்தி கேட்ட நாள் முதல் நான் சோற்றைப் பிசைகிறேனே தவிர உண்ணவில்லை’ என்று ஓர் இடத்தில் வரும். அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, ஆகவே கேட்டார்கள். நமக்குச் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அஸர் நேரத்தில் ஒரு சொல். அதைச் செய்யாததோடு, செய்ய வந்தவர்களையும் தடுத்தோம்.

விடிந்தபோது செய்தி வந்துவிட்டது. 16 ஆம் தேதி நள்ளிரவு பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் இடையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையேறி, மேற்கு நோக்கி உள்நாட்டுக்குள் சென்றிருந்தது. முன்னதாகவே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள் என்றும் சொன்னார்கள். அவர்களில் எவரிடமும் தவக்குலுக்குக் குறைவிருந்திருக்காது. தம்மாமிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, “லைன் கிடைக்கவில்லை, நேரில் போகிறோம்” என்று மட்டும் சொன்னோம்.

ஜுமுஆவைச் சேலத்தில் தொழுது, திருச்சி வழியாகத் தஞ்சை போய்ச் சேர இரவாகிவிட்டது. அங்கே ஒரு பள்ளிவாசலில் படுத்தோம், உறங்கியதாக நினைவில்லை. சனிக்கிழமை விடியலில் பட்டுக்கோட்டைச் சாலையில் ஒரு பேருந்து ஒரத்தநாடு வரை போயிற்று. அதற்கு மேல் சாலை என்று ஒன்று இல்லை, மரங்களே கிடந்தன. ஊர்க்காரர்கள் அரிவாளும் ரம்பமுமாக அறுத்து வழி செய்து கொண்டிருந்தார்கள். நடந்தோம், டிராக்டரில் தொற்றினோம், மீண்டும் நடந்தோம்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தென்னை என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்க்குச் சொல்லி விளங்க வைப்பது கடினம். அங்கே கன்றை ‘பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள். நட்டுத் தண்ணீர் ஊற்றி, காய்க்கக் காண ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். காய்த்துவிட்டால் இரண்டு தலைமுறைக்குச் சோறு போடும். மகள் கல்யாணமும் மகன் படிப்பும் அந்த மரங்களின் கணக்கில்தான் நடக்கும். அந்தத் தோப்புகள் முழுமுழுதாகப் படுத்துக் கிடந்தன. வழியில் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு முதிய விவசாயி, நம் தொப்பியையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, “அதிராம்பட்டினமா?” என்று கேட்டு, கீழே கிடந்த குலையிலிருந்து ஓர் இளநீரை வெட்டிக் கொடுத்தார். காசு நீட்டினோம். “இன்னைக்கு இதுக்கு வெலை இல்லைங்க” என்றார். “இனிமே நான் நடுற பிள்ளையில நான் எளநி குடிக்கப் போறதில்லை.” சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். என்ன மறுமொழி சொல்வது? குடித்துவிட்டு நடந்தோம். பட்டுக்கோட்டையிலிருந்து நம் ஊர் சுமார் 12 கிலோமீட்டர். முன்பின் அறியாத ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, மரங்களுக்குக் கீழும் மேலுமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவரும் காசு வாங்கவில்லை.

தெருமுனையில் திரும்பியதும் கண்ணில் பட்டது வானம்தான். எப்போதும் தென்னை மறைத்திருந்த இடத்தில் வெறும் வானம். வாசற்கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் நின்று நிமிர்ந்தால் அங்கேயும் வானம். ஓடுகள் தரையெங்கும் நொறுங்கிக் கிடந்தன. பாட்டனார் நட்ட அந்த மரம் தெற்கிலிருந்து வடக்காக விழுந்து, தாயார் படுக்கும் அறையின் சுவரைப் பிளந்துகொண்டு கட்டிலின் மேல் கிடந்தது. கட்டிலின் கால்கள் விரிந்து தரையோடு தரையாக இருந்தன.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. தங்கை மகன்தான் பின்னாலிருந்து, “மாமா” என்றான். “மூமாவ அங்கே வச்சிருக்கோம்.” ‘வச்சிருக்கோம்’ என்ற சொல்லைக் கேட்டு நம் முழங்கால்கள் தளர்ந்தன. சிறுவன் அதைக் கவனியாமல், “கஞ்சி குடிக்கிறாங்க” என்றான்.

நடந்ததைத் துண்டு துண்டாகப் பலரும் சொல்லக் கேட்டோம். நள்ளிரவுக்குப் பின் வாடைக்காற்றாக வடக்கிலிருந்து அடித்து முன்பக்கத்து ஓடுகளைக் கிளப்பியிருக்கிறது. தாயாரை நடு அறையில் உட்கார வைத்துவிட்டுத் தங்கை பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகு, யாரோ கையைக் காட்டி நிறுத்தியது போல், காற்று அடங்கிவிட்டது. முடிந்தது என்று தாயார் எழுந்து, தம் கட்டிலுக்குப் போகக் கிளம்பியிருக்கிறார்கள். புயலின் சுழற்சி நம் பக்கத்தில் கடிகாரமுள்ளுக்கு எதிராக அமைவது. மேற்கே நகர்ந்து வரும் புயலின் முன்பாதி வடக்கிலிருந்து அடிக்கும்; நடுவில் கண் கடக்கும்போது ஓயும்; பின்பாதி தெற்கிலிருந்து, முன்னறிவிப்பு இல்லாமல், திருப்பி அடிக்கும். ஓய்வை நம்பி வெளியே வந்து மாண்டவர்கள் எல்லாப் புயலிலும் உண்டு. இது நம் மாமன் மகனுக்குத் தெரிந்திருந்தது. வாடை ஓய்ந்தால் சோழகம் வரும் என்று கடல்தொழில் செய்பவர்களிடம் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தச் சிறு ஓய்வில் மகனையும் டார்ச் விளக்கையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். தாயாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தெரு வழியாகச் சுற்றி மாடி வீட்டுக்குள் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். நல்ல நாளில் அவர் வாசலுக்கும் நம் வாசலுக்கும் இருபது எட்டுகூட இராது. அன்று அது எத்தனை நேரம் எடுத்தது என்று கேட்டதற்கு, தங்கைக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் கதவைச் சாத்திச் சிறிது நேரத்துக்கெல்லாம் தெற்குக் காற்று வந்துவிட்டது.

தாயார் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கட்டிலில் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னும் ஒரு துணி மூட்டையும். மூட்டையில் இருந்தது பல ஆண்டுகளாக ஸம்ஸம் நீரில் நனைத்து வைத்திருந்த அவர்களின் கஃபன் துணி. டின்னில் தந்தையாரின் கடிதங்கள். நாற்காலியில் தூக்கப்படும்போது அவர்கள் கையில் எடுத்துக்கொண்டவை இவ்விரண்டும்தான். நம் முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். கூடத்தில் வேறு எவரும் இல்லாத சமயத்தில் நம்மை அருகே குனியச் சொல்லித் தாழ்ந்த குரலில் சொன்னார்கள்:

“நீ போன்ல சொன்னத நான் அவன்கிட்டச் சொல்லலே வாப்பா. கால் வலியால வர முடியலேன்னு சொல்லிட்டேன். நீயும் சொல்லிக்காதே.”

நாம் தலையசைத்தோம். மகனுடைய குறையை அண்ணன் மகனிடமிருந்து மறைத்துவிட்ட நிம்மதி அவர்கள் முகத்தில் இருந்தது. ஆனால் அன்று மாலை தங்கை கிணற்றடியில் சொன்னது வேறு. நள்ளிரவில் அவர் கதவைத் தட்டியபோது, அச்சத்தில் அவள் முதலில் சொன்ன சொல்லே, “காக்கா போக வேண்டாண்டு சொல்லிட்டாங்க” என்பதுதானாம். அதற்கு அவர், “காக்காவை நான் பாத்துக்கறேன். நீ நாற்காலியைப் பிடி” என்றாராம். தாயார்க்குக் காது மந்தம். அது அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆகவே அவர் அறியமாட்டார் என்று தாயார் நம்பினார்கள். அவர் அறிந்திருந்தும் அறியாதவராக, மாமியின் கால்வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருந்தார். எவரும் எவரிடமும் எதையும் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

அவரை அன்று அஸருக்குப் பின்தான் கண்டோம். தம் தோப்பைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். 140 மரங்களில் நின்றவை ஒன்பது என்று பிறகு கேள்விப்பட்டோம். எதிரே நின்று, பதினோராண்டுக்குப் பின், ஸலாம் சொன்னோம். பதில் சொன்னார். மேலே சொல்ல நாம் பேருந்தில் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன. இலக்கணப் பிழையில்லாத வாக்கியங்கள். வாயைத் திறப்பதற்குள் அவர், “தார்ப்பாய் கொண்டாந்தியா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றோம்.

“ஹஜரத்தாச்சே” என்றார். “வா, கூரைக்கு ஏதாச்சும் பாப்போம்.”

அந்த நாட்களில் தார்ப்பாய்க்கு இருந்த தட்டுப்பாடு அறிந்தவர்க்குத் தெரியும். எங்கிருந்தோ ஒன்றைத் தேடிப் பிடித்து, அவரும் மகனும் நாமுமாக நடு அறைக்கு மேல் இழுத்துக் கட்டினோம். ஏணியில் நின்று பார்த்தபோது அந்த மதிற்சுவர் தெரிந்தது. ஊரிலே எத்தனையோ வலுவான சுவர்களைச் சாய்த்த காற்று, அதில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை. அவரும் அதைப் பார்த்தார். நாம் பார்ப்பதையும் பார்த்தார். கயிற்றைக் கேட்டார், கொடுத்தோம்.

இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. நம் தெருவுக்கு வெளிச்சம் வர வாரக்கணக்காயிற்று. அதுவரை இரு வீட்டுச் சோறும் ஒரே அடுப்பில் வெந்தது. தம்மாமிலிருந்த தங்கை கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டோம். நெடுநேரம் பேசாமலிருந்து, “சரி மச்சான்” என்றார். தங்கையின் அதே ‘சரி’. ஒரு வருடம் வரை அவர் நம்மோடு முன்போல் பேசவில்லை. அது அவருடைய உரிமை.

2020 ஆம் ஆண்டு நவம்பரில் ‘நிவர்’ வந்தது. அது வடக்கே புதுச்சேரிப் பக்கமாகக் கரையேறிற்று. ஆனால் முதல் நாள் வரை டெல்டா முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் நாம் வாணியம்பாடியில்தான் இருந்தோம். 24 ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுத கையோடு மாமன் மகனை அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போனோம், வெளியே வந்தோம். கடைசியில் எடுத்தார். நாம் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் அவரே பேசத் தொடங்கினார்:

“மாமி லுஹருக்கே வந்துட்டாங்க. டின்னையும் தூக்கிட்டு வந்துட்டாங்க. கஞ்சி குடிச்சிட்டு இப்பத்தான் தஸ்பீஹ் எடுத்து உக்காந்தாங்க. நீ போனை வை, சார்ஜ் போயிடும்.”